பொரி உருண்டையும் டில்லி நிலமும்

கார்த்திகைக்குச் செய்து மிஞ்சிய பொரி உருண்டை ஒன்றின் மேல் ஒரு தட்டை வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். முதலில் ஒன்றும் ஆகாது. பொரிகளைப் பிடித்து நிற்கும் வெல்லப்பாகு தாங்கிக்கொள்ளும். இன்னும் சற்று அழுத்தினால் உள்ளே சடசடவென்று சிறு ஓசை கேட்கும். ஒரு கட்டத்தில் உருண்டை திடீரென்று அமுங்கிவிடும். தட்டை எடுத்தாலும் பழைய உருவம் திரும்பாது.

டில்லியில் நாம் குடியிருக்கும் நிலமும் ஏறக்குறைய இதே ரகம்தான். ரிட்ஜ் பாறைப் பகுதி நீங்கலாக, நகரின் பெரும்பகுதி மணல், வண்டல், களிமண் ஆகியவற்றின் மேல் நிற்கிறது. இடையிடையே கங்கர் என்று இங்கே சொல்லப்படும் சுண்ணாம்புக் கட்டிகள். சில இடங்களில் சுண்ணாம்பே மணிகளை ஒட்டவைக்கும் பாகாகவும் இருக்கிறது. ஆழத்தில், மணிகளுக்கு நடுவே உள்ள துளைகளில் நீர் நிற்கிறது. மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கை அந்த நீர் தாங்குகிறது. மீதியைத்தான் மணிகள் சுமக்கின்றன. கார்ல் டெர்ஸாகி என்ற எஞ்சினியர் 1920-களிலேயே கண்டு சொன்ன கணக்கு இது. போர்வெல் போட்டு நீரை உறிஞ்சிவிட்டால் அதன் பங்கும் மணிகளின் தலையில் விழுகிறது. மேலே புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமலே பாரம் ஏறிவிடுகிறது.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. பம்பாய் ஐ.ஐ.டி., ஜெர்மனியின் போட்ஸ்டாம் ஆராய்ச்சி நிலையம், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் முதலியவற்றின் விஞ்ஞானிகள் 2022-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 2014 முதல் செயற்கைக்கோள் ராடார் எடுத்த படங்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், உத்யோக் விஹார் ஆடைத் தொழிற்சாலைகளின் ஊழியர்கள் நெருக்கியடித்து வாடகைக்குக் குடியிருக்கும் காபசேடா, 2014-16-ல் ஆண்டுக்குச் சுமார் 11 சென்டிமீட்டர் வீதம் அமிழ்ந்தது. 2018-19-ல் 17 சென்டிமீட்டருக்கும் மேல்! அமிழும் பகுதியின் ஓரத்திலிருந்து சர்வதேச விமான நிலையம் சுமார் 800 மீட்டர்தான். காரணம், நிலத்தடி நீரை அளவின்றி எடுத்தது.

செயற்கைக்கோள் மேற்பரப்பைத்தான் பார்க்கும். அடியில் நடப்பதை அறிய, தோண்டி எடுத்த மண்ணைச் சோதனைச் சாலையில் நசுக்கிப் பார்க்கலாம். ஆனால் நசுங்கும்போது எந்த மணி எங்கே நகர்ந்தது என்பது கண்ணுக்கு எளிதில் தெரியாது. இங்கேதான் கம்ப்யூட்டர் கைகொடுக்கிறது. பீட்டர் கண்டல், ஓட்டோ ஸ்ட்ராக் என்ற இருவர் 1979-ல் ஒரு முறையை வெளியிட்டார்கள். ஒவ்வொரு மணியையும் ஒரு வட்டமாகக் கம்ப்யூட்டரில் வைத்துக்கொள்ள வேண்டியது. பக்கத்து மணியைத் தொடும் இடத்தில் எவ்வளவு விசை, அதனால் அது எவ்வளவு நகரும் என்று நியூட்டன் விதிப்படி கணக்கிட வேண்டியது. கண்ணிமைக்கும் நேரத்தில் மிகச் சிறு பங்கு கழிந்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படி அலுக்காமல் லட்சக்கணக்கான தடவை! பின்னர் 2004-ல் டேவிட் போட்டியாண்டியும் கண்டலும், மணிகளை ஒட்டும் பாகையும் இந்தக் கணக்கில் சேர்த்து விரிவான கட்டுரை எழுதினார்கள். விசை அளவு மீறினால் அந்த இடத்தில் ஒட்டு விட்டுப்போகும்.

இந்தக் கணக்கில் தெரிந்த வேடிக்கை ஒன்று: மணிகள் பாரத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வதில்லை. சில மணிகள் சங்கிலிபோல் வரிசையாக நின்று பெரும்பாரத்தைச் சுமக்க, பக்கத்திலேயே பல மணிகள் சும்மா இருக்கின்றன. (நம் ஆபீஸ் செக்‌ஷன் நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) சங்கிலியில் ஓர் ஒட்டு விட்டால் பாரம் அடுத்த சங்கிலிக்குத் தாவுகிறது, அதுவும் விட்டால் அடுத்ததற்கு. உருண்டை திடீரென்று அமுங்குவதன் ரகசியம் இதுதான். தொடும் இடத்தில் துளி பாகு இருந்தாலே பலம் வெகுவாகக் கூடுகிறது என்பதும், துளை அதிகமானால் குறைந்த பாரத்திலேயே சரிகிறது என்பதும் இதிலேயே தெரிந்தது. ஒரு பிடி மணலிலேயே லட்சக்கணக்கான மணிகள் இருப்பதால், ஊர் நிலம் முழுவதையும் இப்படி மணி மணியாகக் கணக்கிட முடியாது. சிறு பெட்டி அளவு மண்ணைக் கணக்கிட்டு, அதன் குணத்தைப் பெரிய கணக்கில் சேர்க்கிறார்கள்.

நீர் திரும்பினால் நிலம் எழும்புமா? நம்மவர் பலர் ஃப்ளாட் வாங்கிக் குடியேறியுள்ள துவாரகாவில் ஓரளவு எழும்பியது. 2014-16-ல் ஆண்டுக்கு 3.5 சென்டிமீட்டர் வீதம் அமிழ்ந்த இடம், 2018-19-ல் ஆண்டுக்குச் சுமார் 1.2 சென்டிமீட்டர் உயர்ந்தது. போர்வெல்லுக்குக் கட்டுப்பாடு, மழைநீர் சேகரிப்பு ஆகியவற்றின் பலன் என்கிறது அதே கட்டுரை. மணல் அடுக்கு ஓரளவு வில்போல் மீளும். களிமண் அப்படியல்ல, ஒருமுறை நன்றாக அமுங்கி நீர் வெளியேறிவிட்டால், அப்போது மூடிய துளைகளில் பெரும்பங்கு போனது போனதுதான். பிறகு நல்ல மழை பெய்தாலும் அவ்வளவு நீரை வைத்துக்கொள்ள அங்கே இடம் இருக்காது.

நிலம் ஒரே சீராக அமிழ்ந்தால் வீட்டுக்கு அதிகச் சேதமில்லை. ஒரு மூலை அதிகமாகவும் மறு மூலை குறைவாகவும் இறங்கும்போதுதான் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடும்; கதவு நிலையில் பிடிக்கும். எல்லா விரிசலுக்கும் நிலமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. மட்டமான சிமென்டும் காரணமாகலாம். விரிசல் வளர்கிறதா என்று அறிய எஞ்சினியர்கள் கையாளும் பழைய உபாயம் ஒன்று உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரு முனைகளையும் சுவரோடு சாந்தால் ஒட்டி, தேதியைப் பென்சிலால் எழுதிவையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது என்று பொருள். உடைந்த தேதியையும் குறித்துக்கொண்டு வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டுங்கள்.