பீடித்தட்டில் இருந்து சோலார் தகட்டுக்கு... கங்கைகொண்டான் வேலைக்கு நெல்லை பிள்ளைகள் என்ன படிக்கணும்?

நெல்லை:

பிளஸ்-2 ரிசல்ட் வந்தால் போதும், நெல்லை, பாளை வட்டார வீடுகளில் ஒரே கேள்விதான். "அடுத்து பிள்ளைய என்ன படிக்க வைக்க?" நல்ல மார்க் எடுத்த பிள்ளை என்றால் டாக்டர், இன்ஜினீயர் பேச்சு. மார்க் குறைந்தால் "பய திருப்பூருக்குப் போறானா, சென்னைக்குப் போறானா?" என்ற பேச்சு. பெண் பிள்ளை என்றால் அந்தப் பேச்சும் கிடையாது. அம்மா மடியில் இருக்கும் பீடித்தட்டு மகள் மடிக்கு வந்து விடும்.

ஆனால் நெல்லையில் இருந்து மதுரை ரோட்டில் கூப்பிடு தூரத்தில், கங்கைகொண்டான் சிப்காட்டில் இந்தக் கதை கொஞ்சம் மாறி இருக்கிறது. டாடா குழுமத்தின் டி.பி. சோலார் கம்பெனி அங்கு கட்டிய தொழிற்சாலையை 2025 பிப்ரவரி 6-ந்தேதி அப்போதைய முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்து வைத்தார். முதலீடு 3 ஆயிரத்து 800 கோடி ரூபாய். சுமார் 4 ஆயிரம் பேருக்கு வேலை என்று அறிவிக்கப்பட்டது. இதில் பெரும் பகுதி பெண்களுக்கு. அதே நாளில் விக்ரம் சோலார் கம்பெனிக்கும் அதே சிப்காட்டில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் முதலீடு 2 ஆயிரத்து 574 கோடி ரூபாய்.

கங்கைகொண்டான் என்றால் முன்பெல்லாம் குளிர்பான கம்பெனிகளும், தாமிரபரணி தண்ணீர் பிரச்சினையும்தான் ஞாபகம் வரும். 2016-ல் அந்தத் தண்ணீரை எடுக்க ஐகோர்ட்டு மதுரை கிளை இடைக்காலத் தடை போட்டதும், 2017-ல் அந்தத் தடை நீங்கியதும் ஊரறிந்த விஷயம். டயர் கம்பெனியும் அங்கு பல வருஷமாக ஓடுகிறது. இப்போது பெயர் சொல்வது சோலார்.

உள்ளே என்ன வேலை?

சோலார் கம்பெனி என்றதும் மொட்டை மாடியில் தகடு மாட்டும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். அது வேறு. இங்கு நடப்பது அந்தத் தகட்டையே செய்யும் வேலை.

சிலிக்கான் என்ற பொருளை மெல்லிய சதுர வில்லைகளாக அறுத்து வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் வேபர். ஒரு வேபரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்கு அளவுதான். அப்பளத்தை விட மெல்லிசு. கை அழுந்தப் பிடித்தால் உடைந்து போகும். இந்த வேபரின் மேற்பரப்பை ரசாயனத்தில் சொரசொரப்பாக்கி, அதிக சூட்டில் வேறு பொருளை ஏற்றி, வெளிச்சம் திரும்பிப் போகாமல் இருக்க மேலே ஒரு பூச்சு கொடுத்து, வெள்ளிப் பசையால் மெல்லிய கோடுகள் அச்சடிக்கிறார்கள். இப்போது அது செல். வெயில் பட்டால் கரண்டு தரும்.

இப்படிப்பட்ட செல்களை வரிசையாகக் கோர்த்து, கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் நடுவில் வைத்து, சூட்டில் அழுத்தி ஒட்டி, சுற்றிலும் அலுமினிய சட்டம் மாட்டினால் அதுதான் நாம் மாடியில் பார்க்கும் பேனல். கடைசியாக செயற்கை வெளிச்சத்தை ஒரு நொடிக்கும் குறைவாக அடித்து, எவ்வளவு கரண்டு வருகிறது என்று சோதிக்கிறார்கள். கங்கைகொண்டானில் பேனல் தயாரிப்பு 2023-லும், செல் தயாரிப்பு 2024-லும் தொடங்கியது.

பெரும்பாலான வேலையை மெஷின் பார்க்கிறது. ஆள் எதற்கு? மெஷினை ஓட்ட ஆபரேட்டர், மெஷின் நின்றால் சரி செய்ய டெக்னீசியன், கரண்டு லைன் பார்க்க எலக்ட்ரீசியன், கீறல், விரிசல் இருக்கிறதா என்று பார்க்க தரப் பிரிவு ஆட்கள், எல்லாவற்றுக்கும் மேலே இன்ஜினீயர். செல் தயாரிக்கும் பகுதியில் தூசி கூடாது. தலைமுடி மூடி, முழு அங்கி, கையுறை போட்டுத்தான் உள்ளே போக முடியும். ஷிப்டு முழுக்க நின்ற வேலை உண்டு. இதையெல்லாம் தெரிந்து கொண்டு போவது நல்லது. ஏ.சி. ரூம் என்று மட்டும் கேள்விப்பட்டு போனவர்கள் திணறத்தான் செய்வார்கள்.

அப்பா வேலை மகனுக்கு... அந்தக் காலம்!

தாமிரபரணி கரைக்கு பேக்டரி புதுசு இல்லை. 1880-களிலேயே பாபநாசம் அருகே விக்கிரமசிங்கபுரத்தில் ஹார்வி சகோதரர்கள் நூற்பு மில் கட்டினார்கள். மலையில் இருந்து விழும் தண்ணீர் வேகத்திலேயே மில் ஓடியது. 1949-ல் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை வந்தது. சங்கர்நகர் என்று ஊரே உருவானது. மில்லில் அப்பா இருந்தால் மகனுக்கு வேலை, சிமெண்டு ஆலையில் மாமா இருந்தால் மருமகனுக்கு சிபாரிசு. வேலையை உள்ளே போய்த்தான் படித்துக் கொண்டார்கள்.

இப்போது கேட்டில் முதலில் கேட்பது சர்டிபிகேட்டை. சிபாரிசு அப்புறம்தான். வயக்காட்டு வேலையும், பத்தமடை பாயும், முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடியும் என்று இருக்கும் குடும்பங்களுக்கு எந்த சர்டிபிகேட் எடுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. பாளையங்கோட்டையை தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ஆனால் பி.ஏ., பி.காம். முடித்துவிட்டு ஜவுளிக் கடையில் நிற்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று டவுன் ரதவீதியில் ஒரு சுற்று சுற்றினால் தெரியும்.

ஐ.டி.ஐ. என்றால் இளக்காரமா?

"படிப்பு ஏறாத பயதான் ஐ.டி.ஐ. போவான்" என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பி ஏமாந்தவர்கள் அதிகம்.

நெல்லை பேட்டையிலும், அம்பாசமுத்திரத்திலும் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. பத்தாம் வகுப்பு பாஸ் செய்தவர்கள் பிட்டர், எலக்ட்ரீசியன், மெஷினிஸ்ட் போன்ற 2 வருஷ படிப்புகளில் சேரலாம். எட்டாம் வகுப்பு போதும் என்கிற படிப்புகளும் உண்டு. வெல்டர், வயர்மேன் அந்த வகை. வெல்டர் ஒரே வருஷம்தான். ஆண்களுக்கு 40 வயது வரை சேரலாம், பெண்களுக்கு வயது உச்சவரம்பே கிடையாது என்பது 2025 சேர்க்கை அறிவிப்பில் இருந்த விதி. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் அந்த அறிவிப்பில் சொல்லப்பட்டிருந்தது.

அரசு ஐ.டி.ஐ.யில் பழைய லேத் மெஷின்தான் இருக்கும் என்ற புகாருக்கும் ஓரளவு பதில் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்த 2022-ல் டாடா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் அரசு ஒப்பந்தம் போட்டது. மொத்த திட்டம் 2 ஆயிரத்து 877 கோடி ரூபாய். ரோபோ இயக்குவது, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின், எலக்ட்ரிக் வண்டி ரிப்பேர் ஆகிய படிப்புகள் இதில் சேர்க்கப்பட்டன.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஐ.டி.ஐ.யோடு படிப்பு முடிந்து போவதில்லை. 2 வருஷ ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக 2-ம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தால் பி.இ. 2-ம் ஆண்டு சேரலாம். பத்தாம் வகுப்புக்குப் பிறகு 2 வருஷ ஐ.டி.ஐ. முடித்து, தமிழ், ஆங்கிலப் பரீட்சை எழுதி பாஸ் செய்தால் பிளஸ்-2க்கு சமம் என்றும் அரசாணை உண்டு.

டிப்ளமோவில் இருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு பக்கத்து மாவட்டத்திலேயே ஆள் இருக்கிறார். 2025 ஜனவரியில் இஸ்ரோ தலைவராகப் பொறுப்பேற்ற வி.நாராயணன் குமரி மாவட்டக்காரர். டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவர். 1984-ல் இஸ்ரோவில் சேர்ந்து, அதன் பிறகு மேலே மேலே படித்தார்.

அப்ரண்டிஸ் - வேலையா, பயிற்சியா?

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். "கம்பெனியில சேர்ந்தாச்சு" என்று ஊருக்கு ஸ்வீட் கொடுத்துவிட்டு, ஒரு வருஷம் கழித்து வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு.

1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டப்படி, அப்ரண்டிஸ் என்பவர் பயிற்சி பெறுபவர்தான். தொழிலாளி கிடையாது. அவருக்குக் கிடைப்பது சம்பளம் இல்லை, உதவித்தொகை. பயிற்சி முடிந்ததும் அந்தக் கம்பெனியே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2019-ல் நிர்ணயித்தபடி குறைந்தபட்ச தொகை, படிப்பைப் பொறுத்து மாதம் 5 ஆயிரம் முதல் 9 ஆயிரம் ரூபாய். இதை உயர்த்தச் சொல்லி 2025-ல் மத்திய அப்ரண்டிஸ் கவுன்சில் பரிந்துரை செய்தது.

அப்படியானால் அப்ரண்டிஸ் போவது வீணா? இல்லவே இல்லை. முறையாக ஒப்பந்தம் பதிவு செய்து, பயிற்சி முடிந்து பரீட்சை எழுதினால் மத்திய அரசின் சான்றிதழ் கிடைக்கும். அது ரெயில்வே முதல் தனியார் கம்பெனி வரை மதிப்புள்ளது. மகேந்திரகிரி இஸ்ரோ மையம், கூடங்குளம் அணுமின் நிலையம் இரண்டுமே நம்ம மாவட்டத்துக்குள்தான் இருக்கின்றன. இரண்டிலும் ஐ.டி.ஐ. முடித்தவர்களை அப்ரண்டிஸ் எடுப்பது வழக்கம். அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

சேரும் முன் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் என்றால் இதைக் கேட்கலாம்: "என்னை எடுப்பது கம்பெனியா, காண்டிராக்டரா, அப்ரண்டிஸா?" மூன்றும் ஒரே யூனிபார்மில்தான் இருக்கும். ஒரே பஸ்சில்தான் போகும். ஆனால் பி.எப்., இ.எஸ்.ஐ., லீவு எல்லாம் வேறு வேறு. 2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு, வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் நியமனக் கடிதம் தரச் சொல்கிறது. கடிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் முதலாளி.

பெண் பிள்ளைகளை நைட் ஷிப்டுக்கு அனுப்ப பல வீடுகளில் தயங்குகிறார்கள். நியாயம்தான். அதே சட்டத்தின்படி இரவு 7 மணிக்கு மேலும், காலை 6 மணிக்கு முன்பும் பெண்களை வேலை வாங்க அவர்கள் சம்மதம் வேண்டும். பாதுகாப்புக்கு கம்பெனி பொறுப்பு. வீட்டுப் பக்கம் வரை கம்பெனி பஸ் வருகிறதா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

வேலைக்குப் பணம் கேட்டால்?

"சிப்காட்ல ஆள் இருக்கு, 50 ஆயிரம் கொடுத்தா உள்ள தள்ளி விடுவோம்" என்று யாராவது சொன்னால், அந்த இடத்திலேயே திரும்பி விட வேண்டும். ஒழுங்கான எந்தக் கம்பெனியும் வேலைக்குப் பணம் வாங்காது. அதே போல தெருவுக்குத் தெரு போர்டு வைத்து 6 மாத டிப்ளமோ நடத்தும் இடங்களில் பணம் கட்டும் முன், அதற்கு மத்திய அரசின் என்.சி.வி.டி. அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். தனியார் ஐ.டி.ஐ.களில் நிறுவனத்துக்கு அங்கீகாரம் இருந்தால் மட்டும் போதாது. சேரப் போகும் படிப்புக்கும் இருக்க வேண்டும்.

சுற்றிலும் வேறு என்ன?

தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்பாஸ்ட் எலக்ட்ரிக் கார் ஆலை 2025 ஆகஸ்டு 4-ந்தேதி திறக்கப்பட்டது. தொடக்கத்தில் வருஷத்துக்கு 50 ஆயிரம் கார் என்பது கணக்கு. நெல்லையில் இருந்து தினமும் போய் வரும் தூரம்தான்.

ராதாபுரம், வள்ளியூர் பக்கம் காற்றாலைகளுக்கும் எலக்ட்ரீசியன்கள் தேவை. ஆனி, ஆடி காற்றில் உயரத்தில் ஏறும் வேலை. தலை சுற்றாதவர்களுக்குத்தான் சரிப்படும்.

கம்ப்யூட்டர் ஆசை உள்ளவர்களுக்கு தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனி 20 வருஷத்துக்கு மேலாக பிளஸ்-2, டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு வைத்து எடுத்து, பீஸ் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து சொல்லிக் கொடுக்கிறது. இடம் குறைவு, போட்டி அதிகம்.

நாங்குநேரி? அங்கு வருவதாகச் சொன்ன சிறப்பு பொருளாதார மண்டலம் 20 வருஷத்துக்கும் மேலாக தேர்தலுக்குத் தேர்தல் பேசப்படுகிறது. சொன்ன அளவுக்கு கம்பெனி வரவில்லை. அதை நம்பி படிப்பைத் தேர்ந்தெடுக்க முடியாது.

பீடி கார்டு இருக்கா?

பீடி சுற்றும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை மூலம் படிப்பு உதவித்தொகை உண்டு. வகுப்பைப் பொறுத்து வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் முதல் 25 ஆயிரம் ரூபாய் வரை. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்பவர்களுக்கும் கிடைக்கும். அம்மாவின் பீடி அடையாள அட்டை முக்கியம். கார்டு இருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் முக்கூடல் பக்கமே நிறைய.

ஐ.டி.ஐ. சேர்க்கை பொதுவாக பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குப் பிறகு மே, ஜூன் மாதங்களில் ஆன்லைனில் தொடங்கும். கம்ப்யூட்டர் வசதி இல்லாதவர்கள் நேராக பேட்டை, அம்பை ஐ.டி.ஐ.க்கே போகலாம், அங்கேயே விண்ணப்பத்தைப் பதிவு செய்து தருவார்கள். எந்த டிரேடு எடுப்பது என்று குழப்பம் இருந்தால் பெருமாள்புரத்தில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்தில் இலவசமாகக் கேட்டுக் கொள்ளலாம். தனியார் வேலைவாய்ப்பு முகாம்களும் இந்த மையம் மூலம் நடக்கின்றன. போகும்போது மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் கார்டு, போட்டோ ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும்.