ஆர்.கே. நகரின் இருபது ரூபாய் நோட்டு

2017 ஏப்ரல் 7 அன்று, மாநில அமைச்சர் ஒருவரின் சென்னை வீட்டிலும் அவரோடு தொடர்புடைய இடங்களிலும் வருமான வரித்துறை சோதனை நடத்தியது. அங்கே சிக்கிய தாள்களில் ஒரு கணக்கு இருந்தது. வாக்காளர்கள் 2,24,145 பேர். தலைக்கு 4,000 ரூபாய். மொத்தம் 89,65,80,000 ரூபாய். எந்தத் தலைவர் எத்தனை வாக்காளர்களுக்குப் பொறுப்பு என்ற பங்கீடும் அதில் இருந்தது. அது சென்னை ராதாகிருஷ்ணன் நகர் சட்டமன்றத் தொகுதிக்கான கணக்கு. இடைத்தேர்தலுக்கு ஐந்தே நாட்கள் மிச்சம். ஏப்ரல் 9 இரவு தேர்தல் ஆணையம் அந்தத் தேர்தலையே ரத்து செய்தது.

அன்று ஒரு சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் செலவழிக்கச் சட்டம் அனுமதித்த உச்சவரம்பு 28 லட்சம் ரூபாய். தாளில் இருந்த தொகை அதைப்போல 300 மடங்குக்கு மேல்.

ஆர்.கே. நகர் எப்போதும் இப்படி இருந்த தொகுதி அல்ல. 1977-ல் உருவான இது, முதல் தேர்தலில் அதிமுகவின் ஐசரி வேலனைத் தேர்ந்தெடுத்தது. 1980-ல் மாநிலம் முழுக்க எம்.ஜி.ஆர். அலை வீசியபோது இங்கே காங்கிரஸ் வென்றது. 2006-ல் திமுக ஆட்சியைப் பிடித்தபோது இங்கே அதிமுக வென்றது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, காசிமேடு என உழைக்கும் மக்கள் நிறைந்த வடசென்னைத் தொகுதி இது. ஊர் போகிற பக்கமே போகவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இருந்ததில்லை. கட்சிகளை மாற்றி மாற்றி எடைபோட்டுப் பார்த்த வாக்காளர்கள் இவர்கள்.

2015-ல் ஜெயலலிதா போட்டியிடுவதற்காக அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் பதவி விலகினார். திமுக புறக்கணித்த அந்த இடைத்தேர்தலில் ஜெயலலிதா 1,50,722 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். அடுத்த ஆண்டு பொதுத்தேர்தலில் அந்த வித்தியாசம் 39,545 ஆகக் குறைந்தது. 2016 டிசம்பர் 5-ல் அவர் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு உரிமை கோரிய அணிகளுக்கு இந்தத் தொகுதியில் தோற்பது கட்டுப்படியாகாத ஒன்றாகிவிட்டது. பணம் வெள்ளமாகப் பாய்ந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த வழியைக் கண்டுபிடித்தது ஆர்.கே. நகர் அல்ல. 2009 ஜனவரியில் மதுரை மாவட்டம் திருமங்கலத்தில் நடந்த இடைத்தேர்தலுக்குப் பிறகு ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்ற பெயரே அரசியலில் நிலைத்துவிட்டது. அன்று திமுக 39,266 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றது. செய்தித்தாளுக்குள் உறை வைத்து வீடுவீடாகப் பணம் போனதாக அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் ரகசியக் குறிப்பு சொன்னது; 2011-ல் அது வெளியானது. இதை ஒரு கட்சியின் நோயாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. திருமங்கலத்தில் திமுக மீது வந்த புகார், ஆர்.கே. நகரில் அதிமுக அணிகள் மீது வந்தது.

ஆர்.கே. நகர் தேர்தலை ரத்து செய்த உத்தரவில் ஆணையமே பணப் பட்டுவாடாவின் புதிய வடிவங்களைப் பட்டியலிட்டது. டோக்கன், செல்போன் ரீசார்ஜ், செய்தித்தாள் சந்தா, பால் டோக்கன், வங்கிக் கணக்கில் நேரடிப் பரிமாற்றம், மொபைல் வாலட். ஆணையத்தின் பறக்கும் படை தெருமுனையில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டு நிற்கும். பணமோ வண்டியில் வருவதையே நிறுத்திவிட்டது.

அதே ஆண்டு டிசம்பர் 21-ல் தேர்தல் மீண்டும் நடந்தது. அப்போது புழங்கியதாகச் சொல்லப்பட்டது ஒரு 20 ரூபாய் நோட்டு. அதை வாக்காளர் கையில் கொடுத்து, வெற்றிக்குப் பிறகு 10,000 ரூபாயாக மாற்றித் தருவதாக வாக்குறுதி தரப்பட்டது என எதிர்த்தரப்புகள் புகார் சொல்லின. வென்ற தரப்பு மறுத்தது. பிரஷர் குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 89,013 வாக்குகள் பெற்று, 40,707 வித்தியாசத்தில் வென்றார். திமுக வேட்பாளர் டெபாசிட் இழந்தார். அந்த வெற்றி செல்லாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புகாரே ஒன்றைக் காட்டுகிறது. 20 ரூபாய் நோட்டை யார் வைத்திருந்தாலும் குற்றமில்லை. அதை மட்டும் பார்த்துப் பறிமுதல் செய்ய எந்தப் படைக்கும் காரணம் கிடைக்காது.

இன்னும் கவலை தருவது வேட்பாளர் பட்டியல். ஏப்ரலில் நின்ற முக்கிய வேட்பாளர்களான தினகரன், அதிமுகவின் மதுசூதனன், திமுகவின் மருதுகணேஷ் மூவருமே டிசம்பரிலும் நின்றார்கள். இது ஆர்.கே. நகரோடு முடிந்த கதை அல்ல. பணப் பட்டுவாடாவைக் காரணம் காட்டி 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. நவம்பரில் மறுபடி நடந்தபோது இரண்டு பெரிய கட்சிகளும் அதே ஆட்களையே நிறுத்தின. 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானது. ஆகஸ்டில் அதே இரண்டு முக்கிய வேட்பாளர்கள்தான் மோதினார்கள். நான்கு முறை தேர்தல் நின்றது. நான்கு முறையும் தண்டனை அனுபவித்தது, பிரதிநிதி இல்லாமல் மாதக்கணக்கில் காத்திருந்த தொகுதி மட்டுமே. ஆர்.கே. நகரின் 89 கோடி ரூபாய்க் கணக்குத் தாள்களை வைத்துப் பதிவான வழக்கும் 2018-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரத்தானது.

சட்டத்தில் உள்ள ஓட்டை பெரியது. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை நிறுத்த மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஏ பிரிவு இருக்கிறது. பணத்துக்கு அப்படி ஒரு பிரிவு இல்லை. அதனால் ஆணையம் அரசியலமைப்பின் 324-வது பிரிவைப் பிடித்துக்கொண்டுதான் இந்தத் தேர்தல்களை நிறுத்தியது. தனிப் பிரிவு வேண்டும் என்று அது மத்திய அரசிடம் கேட்டது, கிடைக்கவில்லை. வாக்குக்கு லஞ்சம் தருவதற்கு அதிகபட்சத் தண்டனை ஓராண்டுச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிடியாணை இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாத குற்றம் அது. வாங்கியவரும் குற்றவாளி என்பதால் சாட்சி சொல்லவும் ஆள் வராது. கட்சி செய்யும் செலவுக்கு உச்சவரம்பே கிடையாது.

“அவர்கள் அடித்த பணம்தானே, வாங்கினால் என்ன?” என்று கேட்பவர்கள் உண்டு. ஏழை வாக்காளரைப் பழிப்பது என் நோக்கம் அல்ல. மாத வாடகைக்கே திண்டாடும் வீட்டில் 4,000 ரூபாய் சிறிய தொகை இல்லை. ஆனால் கொடுப்பவரின் கணக்கையும் பார்க்க வேண்டும். 2017 ஏப்ரலில் சட்டமன்ற உறுப்பினரின் மாத ஊதியம் 55,000 ரூபாய். ஐந்தாண்டுக்கு 33 லட்சம். தொகுதி மேம்பாட்டு நிதி அன்று ஆண்டுக்கு 2 கோடி. 89 கோடி என்பது ஏறத்தாழ 45 ஆண்டுகளின் மேம்பாட்டு நிதி. இவ்வளவு போட்டவர் அதை ஊதியத்திலிருந்து எடுக்க முடியாது. ஒப்பந்தம், பணியிட மாற்றம், நிலம், அனுமதி என்று எங்கிருந்தோதான் எடுக்க வேண்டும். அந்தச் சுமை சாலையிலும் சாக்கடையிலும் குடிநீரிலும் வந்து விழும்.

எண்ணெய்க் குழாய் கசிந்து தண்டையார்பேட்டையில் நிலத்தடி நீர் கெட்டது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் மக்கள் ஆண்டுக்கணக்கில் காத்து நின்றார்கள். இவற்றைக் கேட்டுப் போராடும் ஒருவர், கையில் பணமில்லாமல் இந்தத் தொகுதியில் நின்றால் அவருக்கு என்ன வாய்ப்பு? பணம் வாக்கை விலைக்கு வாங்குகிறது என்பது பாதி உண்மைதான். யார் வேட்பாளர் ஆகலாம் என்பதை அதற்கும் முன்பே அது தீர்மானித்துவிடுகிறது. அந்த இழப்பு எந்தப் பறிமுதல் பட்டியலிலும் ஏறாது.

திருமங்கலத்தில் உறையாக இருந்தது எட்டே ஆண்டுகளில் டோக்கனாகவும் வாலட்டாகவும் மாறியது. இடைத்தேர்தலுக்கு மட்டும் என்றிருந்தது பொதுத்தேர்தலுக்கும் வந்தது. இது தானாக நிற்காது. பட்டுவாடாவைக் காரணம் காட்டித் தேர்தலை நிறுத்தினால், அதற்குப் பொறுப்பான வேட்பாளர் மறுதேர்தலில் நிற்கக் கூடாது என்று சட்டம் வர வேண்டும். பணம் வாங்கியவர் தானாக வந்து சாட்சி சொன்னால் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும். கட்சிச் செலவுக்கும் உச்சவரம்பு வேண்டும். இவற்றைச் செய்யவேண்டியவர்கள், பணத்தால் வெல்லத் தெரிந்த கட்சிகளின் உறுப்பினர்களே. ஆகவே இந்தச் சட்டங்கள் தாமாக வரா. வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் நாம் கேட்டால்தான் வரும். அதைக் கேட்கும் உரிமையைத்தான் பணம் முதலில் பறிக்கிறது.