பெயர் மாறியது, பிறகு?

அமெரிக்காவிலே ஒரு சொல்லை மாற்றினார்கள். சொத்தே பறிபோனதுபோலச் சீறினார்கள் சிலர்! சங்கதி என்ன?

கணினிக்குக் கட்டளை எழுதும் தோழர்கள், எழுதியதையும் திருத்தியதையும் வரிசையாகப் பதிந்து வைக்க ‘கிட்’ என்றொரு கருவி வைத்திருக்கிறார்கள். 2005இல் லினஸ் டார்வால்ட்ஸ் உருவாக்கியது. பேரேடு போன்றது. அதிலே வேலை பல கிளைகளாகப் பிரியும். புதிய பேரேடு தொடங்கினால் தானாக முளைக்கும் முதற்கிளைக்குப் பெயர் ‘மாஸ்டர்’. எஜமானுக்கும் ஆங்கிலத்திலே அதே சொல்தான்!

2020 மே 25. மினியாபோலிஸ் நகர வீதியிலே ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத் தோழரின் கழுத்தை அழுத்தியது ஒரு போலீஸ்காரனின் முழங்கால். உயிர் போயிற்று. நாடே கொதித்தது. அந்தக் கொதிப்பிலே ஓங்கி எழுந்தது ஒரு கேள்வி: மனிதனைச் சந்தையிலே விற்ற நாட்டில், ‘எஜமான்’ எதற்குப் பேரேட்டிலே? ஜூலையில் வந்த கிட் 2.28, முதற்கிளைக்கு விரும்பிய பெயரிட வழி செய்தது. கிட்ஹப் நிறுவனம், அக்டோபர் 1 முதல் தன்னிடம் தொடங்கும் பேரேடுகளுக்கு ‘மெயின்’ என்று பெயரிட்டது.

“மாஸ்டர் என்றால் மூலப்பிரதி, கிட்டிலே அடிமை ஏது?” என்கிறார்கள் மறுப்போர். மூலப்பிரதி என்ற பொருள் உண்டு, மறுக்கவில்லை நாம். ஆனால் அதே தொழிலிலே, ஆணையிடும் கருவிக்கு ‘மாஸ்டர்’, அடங்கி நடக்கும் கருவிக்கு ‘ஸ்லேவ்’, அதாவது அடிமை, என்று நெடுங்காலம் பெயர் சூட்டினார்களே, அதற்கென்ன பொருள்? அந்தப் பெயர்கள் தகாதென்று 2003இலேயே லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகம் சாதனம் விற்போரிடம் சொன்னது. அன்றும் எள்ளி நகையாடினார்கள்!

“பழைய கட்டளைகள் பழுதாகுமே” என்றார்கள். பழைய பேரேட்டைத் திருத்தக் கட்டாயம் ஏதுமில்லையே! “வெறும் சொல்தானே” என்றார்கள். வெறும் சொல்லென்றால் விட்டுவிடலாமே, விடாப்பிடி ஏன்? வீராவேசம் ஏன்?

அதற்காக, பலகை மாற்றியவருக்குப் பொன்னாடை போர்த்த நாம் தயாரில்லை. குடியேறியவர்களைப் பிடித்து நாடு கடத்தும் அமெரிக்க இலாகாவுடன் அதே கிட்ஹப் வைத்திருந்த ஒப்பந்தத்தை, 2019இல் அதன் ஊழியர்களே எதிர்த்தார்கள். 5 லட்சம் டாலர் நன்கொடை தருவோம் என்றது நிர்வாகம். ஒப்பந்தத்தை விடமாட்டோம் என்றது! ஓராண்டுக்குள் அதே நிர்வாகம் ‘மாஸ்டரை’ மாற்ற முன்வந்தது.

கிளையின் பெயரை மாற்றக் காசு செலவில்லை; ஒப்பந்தத்தை முறிக்கக் காசு போகும். முன்னது நடந்தது, பின்னது நடக்கவில்லை. ஏனென்று உழைப்பவனுக்கு விளக்க வேண்டியதில்லை.

எஜமான் என்ற சொல் போனது நன்று. எஜமானத்தனம் போகட்டும், அன்று கை தட்டுவோம்!