கரிசல் காட்டுச் சம்சாரியும் நமது அங்கத்தினரும்

சென்ற மாதம் ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் கையிருப்பைச் சரிபார்த்துக்கொண்டிருந்த சமயம், அங்கத்தினர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். பத்திரிகைகளிலிருந்து திரும்பி வந்த மூன்று கதைகள் அவர் கையில் இருந்தன. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, வயதும் முப்பத்தைந்து ஆகிவிட்டது, இனி எழுத்து வருமா என்று கேட்டார். "முதலில் கடன் தவணையைக் கட்டுங்கள், கதையைப் பிறகு பார்க்கலாம்" என்று சொல்லி நகைத்துவிட்டேன். பஸ்ஸில் திரும்புகையில் அந்தப் பதில் என்னை உறுத்திற்று. சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

கோவில்பட்டிக்கு அருகே இடைசெவல் என்றொரு சிற்றூர் உண்டு. வானம் பார்த்த கரிசல் பூமி. பருத்தியும் கம்பும் விளையும். 1923-இல் அங்கே பிறந்த கி. ராஜநாராயணன் ஒரு விவசாயி; பள்ளிப் படிப்பை முடித்தவரல்லர். பால்ய நண்பர் கு. அழகிரிசாமி சென்னைக்குச் சென்று பத்திரிகைகளில் பணியாற்றிப் புகழ் பெற்றார். இவரோ ஊரிலேயே இருந்தார். இவருடைய சிறுகதைகள் பத்திரிகையில் வரத் தொடங்கியபொழுது முப்பது வயதைக் கடந்திருந்தார்.

இவரைப் பிறவி மேதை என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அதில் சம்மதமில்லை. 1982-இல் வெளிவந்த இவருடைய கரிசல் வட்டாரச் சொல்லகராதியைப் புரட்டிப் பாருங்கள். மேதைமையால் ஒரே மூச்சில் எழுதக்கூடிய நூலா அது? உழவும் மாடும் மழையும் சமையலும் பற்றி ஜனங்கள் வாயில் வழங்கும் சொற்களை ஒவ்வொன்றாகக் கேட்டு, நண்பர்கள் துணையுடன் திரட்டியது. ஒரு பல்கலைக்கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒரு சம்சாரி செய்தார்! பிற்பாடு புதுவைப் பல்கலைக்கழகமே அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. பட்டம் பெற்ற நான் இதை எழுதச் சற்று கூசுகிறேன்.

'கோபல்ல கிராமம்' நாவல் வெளிவந்தது 1976-இல், ஐம்பது வயதிற்கு மேல். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. அழகிரிசாமிக்கு அப்பரிசு 1970-இல், அவர் மறைந்த பின்னர் கிடைத்தது. ஒரு சிற்றூருக்கு இரண்டு பரிசுகள்! 2021-இல் காலமாகும் வரையில் ராஜநாராயணன் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

நமது அங்கத்தினரின் கதைகளுள் ஒன்றை அன்று நான் புரட்டினேன். பட்டணத்து பங்களா, மோட்டார் கார், பியானோ வாசிக்கும் கதாநாயகி. பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா, தார் என்று நாள் முழுதும் அவர் புழங்கும் சொற்களுள் ஒன்றுகூட அதில் இல்லை. திரும்பி வந்ததற்குக் காரணம் வயதுமன்று, படிப்புமன்று என்றே எனக்குத் தோன்றுகிறது.

அடுத்த ஆய்வு கார்த்திகையில். தவணையைப் பற்றி அப்பொழுதும் கேட்கத்தான் வேண்டும். நான்காவது கதையையும் கேட்பேன்.