முழங்கால் ஜவ்வு

கபடி ஆட்டத்தில் 'படக்'கென்று ஒரு சப்தம் கேட்டு, முழங்கால் வீங்கிப் படுத்திருக்கும் பையனைப் பார்க்க வருகிறவர்கள், "நல்ல வேளை, எலும்பு முறியவில்லை, ஜவ்வுதான்" என்று ஆறுதல் சொல்லிப் போவது வழக்கம். முறிந்த எலும்பு பெரும்பாலும் கூடிவிடும்; அறுந்த ஜவ்வோ சில இடங்களில் கூடுவது அரிது என்பதை அவர்கள் அறியார்.

நம் சுச்ருதர் இதை அறிந்திருந்தார். ஸ்நாயுக்கள் தொள்ளாயிரம் என்று கணக்கிட்ட அவர், பலகைகளைப் பிணைத்துக் கட்டிய ஓடம் பாரம் தாங்குவதுபோலவே உடம்பும் தாங்குகிறது என்றார். எலும்புக் காயத்தைவிட ஸ்நாயுவின் காயமே மனிதனை அதிகமாக முடக்கும் என்பது அவர் அபிப்பிராயம்.

எலும்பை எலும்போடு பிணைக்கும் நாரையே வைத்தியர்கள் லிகமெண்டு என்கிறார்கள். தசையை எலும்போடு சேர்க்கும் நாண் வேறு. கொலாஜன் என்னும் புரத இழைகள் கயிற்றுப் புரிகளைப்போல் சேர்ந்து அமைந்தது இந்த நார். முழங்காலில் பிரதானமானவை நான்கு: பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, மூட்டின் நடுவே பெருக்கல் குறிபோல் குறுக்கிட்டுச் செல்பவை இரண்டு. முன் குறுக்கு நாரின் நீளம் ஏறக்குறைய 3 சென்டிமீட்டர்தான். வாலிபப் பிராயத்தில் 200 கிலோவுக்கு மேல் இழுத்தாலும் தாங்கும். ஆயினும் ஓடுகிறவன் சட்டென்று நின்று திரும்பும்போது, பிறர் கை படாமலே அறுந்துவிடுகிறது.

உட்பக்கத்து நார் கிழிந்தால், ரத்தம் உறைந்து பாலம்போல் அமைகிறது; அதன்மேல் புதிய இழைகள் படர்ந்து காயம் ஆறுகிறது. குறுக்கு நாரோ மூட்டு நீருக்கு நடுவே இருக்கிறது. உறைந்த ரத்தம் அங்கே நிலைப்பதில்லை. பாலமே இல்லாதபோது அறுந்த முனைகள் எதைப் பற்றிக்கொண்டு சேரும்? தானே கூடினவர்களும் உண்டு. அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இதில் ஏமாற்றம் என்னவென்றால், வீக்கம் வற்றும், வலி போகும், எண்ணெய் தடவிக் கட்டுப் போட்டவருக்குக் கீர்த்தியும் உண்டாகும். பிறகு ஒரு நாள் படி இறங்கும்போது கால் 'மளுக்'கென்று விலகும். விலகுந்தோறும், எலும்புகளுக்கிடையே மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புப் பிறை கிழியக்கூடும். பிற்காலத்தில் மூட்டுத் தேய்வதற்கு அதுவே வழி.

1895-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மேயோ ராப்ஸன் என்னும் ரண வைத்தியர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் அறுந்த குறுக்கு நார்களைத் தைத்துப் பார்த்தார். 1917-ல் ஹே க்ரோவ்ஸ் என்பவர் தொடையின் வெளிப்புறப் பட்டையிலிருந்து ஒரு கீற்றை எடுத்து, எலும்பைத் துளைத்து அதன் வழியே செலுத்தி, புது நாரே செய்துவிட்டார். இன்றும் முறை அதுதான். நோயாளியின் முழங்காற் சில்லுக்குக் கீழுள்ள நாணையோ, தொடையின் பின்புறத்து நாணையோ எடுத்து, சிறு துவாரத்தில் செலுத்திய குழாய்க் காமிராவின் உதவியால் பொருத்துகிறார்கள்.

பொருத்திய நாண் உடனே நாராகிவிடாது. முதலில் அதன் உயிரணுக்கள் மடியும். பிறகே புதிய ரத்தக் குழாய்கள் நுழையும். இரண்டு மூன்று மாதங்களில் வலி நீங்கிப் பையன் துள்ளத் தொடங்குவான். நார் மிகப் பலவீனமாயிருப்பது அப்பொழுதுதான்! பந்தயம் நெருங்குகிறதென்று எந்த டிரில் வாத்தியார் அழைத்தாலும், ஒன்பது மாதங்களுக்குமுன் அனுப்பலாகாது.

எல்லோருக்கும் கத்தி அவசியமா? ஸ்வீடன் தேசத்தில் 121 பேரைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 2010-ல் வெளியாயிற்று. ஒரு பாதியினருக்கு உடனே ரண சிகிச்சை; மற்ற 59 பேருக்கு முதலில் தேகப்பயிற்சி. இரண்டு வருஷத்தில் அந்த 59 பேரில் 23 பேருக்கே கத்தி தேவைப்பட்டது. இரு சாராரின் சௌக்கியமும் ஏறக்குறைய சமமாகவே இருந்தது. ஆகவே, பிறை பழுதில்லாமலும் கால் விலகாமலும் இருந்தால், சில மாதப் பயிற்சி செய்து பார்க்கலாமா என்று வைத்தியரைக் கேட்பதில் தவறில்லை.

ஒரே ஆட்டத்தை ஆடும் பையன்களைவிடப் பெண்களுக்கே இந்த நார் அதிகமாக அறுகிறது. குதித்து இறங்கும்போது முழங்காலை மடக்கி, அது உட்புறம் சாயாமல் இறங்கப் பழக்கினால் இவ்விபத்துப் பெரிதும் குறைகிறது. ஆட்டத்துக்கு முன் கால்மணி நேரம் போதும். சாமான் ஒன்றும் வேண்டியதில்லை.