உஷார்! கேரவனில் கடாரம் போகிறீர்களா?

பள்ளி விடுமுறைக்குக் கேரவன் எடுத்துக்கொண்டு கெடா மாநிலத்து மெர்போக் கிராமம்வரை போய்வரலாம் என்று ஜாலான் புசார் வட்டாரத்தில் பல குடும்பங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். போங்கள், நல்ல இடம்தான். ஆனால் கிளம்புமுன் ஒன்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்: அங்கே ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கிவிடாதீர்கள்.

நம் ஆட்களை அங்கே இழுப்பது பூஜாங் பள்ளத்தாக்கு. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை பாய்ந்த கடாரம் அதுதான். அதற்கும் முன்பே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பிய ஸ்ரீவிஜய மன்னரைச் சோழர் செப்பேடு கடாரத்தரசர் என்றே சொல்கிறது. மெர்போக் ஆற்றுப் படுகையில் பெங்காலான் பூஜாங் பகுதியில் தோண்டிய இடமெல்லாம் பாசிமணியும் சீனப் பீங்கான் சில்லும் கிடைத்தன. ஒரு காலத்தில் அது பரபரப்பான துறைமுகம். 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, வங்கக் கடலைத் தாண்டி வந்த மாலுமிகளுக்குத் தூரத்திலேயே கரையைக் காட்டிக்கொடுத்தது.

அந்த மலைதான் இப்போது ஆபத்தும். கடலோரத்தில் தனியாக எழுந்து நிற்பதால் வரும் மேகத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். உச்சியில் கொட்டுகிற மழை கீழே இருப்பவருக்குத் தெரியாது. அடிவாரத்தில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே ஓடையில் வெள்ளம் சுவர்போல இறங்கிவிடும். உள்ளூர் மக்கள் இதைக் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். 2021 ஆகஸ்ட் 18 அன்று ஜெராய் அடிவாரத்தில் யான், மெர்போக் வட்டாரங்களில் வந்த வெள்ளம் பாறையையும் மரத்தையும் உருட்டிக்கொண்டு வந்து உயிர்களைக் கொண்டுபோனது.

பள்ளத்தாக்கின் பழங்காலக் கோயில்களைச் 'சண்டி' என்பார்கள். அவற்றில் பெரியதான புக்கிட் பத்து பகாட் கோயில் ஓர் ஓடையை ஒட்டித்தான் இருக்கிறது. சலசலவென்று தெளிந்த நீர், நிழல், பிள்ளைகள் குளிக்கப் பாறை. கேரவன்காரருக்கு இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று தோன்றும். பகலில் கால் நனைத்துவிட்டு வாருங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து இரைச்சல் கேட்டாலோ அடுத்த நொடி மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். செருப்பு, கைப்பேசி, சமைத்த சட்டி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். ஓடையோரமாகக் கீழ்நோக்கி ஓடுவதும் வேண்டாம், வெள்ளம் உங்களை முந்திவிடும். இரவில் தூங்குகிறவருக்கு இந்த அறிகுறி எதுவும் தெரியாது. ஆகவே வாகனத்தை மேட்டிலோ, விளக்குள்ள நெடுஞ்சாலை ஓய்விடத்திலோ நிறுத்துங்கள். ஏர்கானுக்காக என்ஜினை ஓடவிட்டபடி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்குவதும் உயிருக்கு உலை. கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது.

இன்னொரு குழப்பமும் உண்டு. டிசம்பர் மழையைப் பார்த்துப் பழகிய நாம் மற்ற மாதங்களைப் பத்திரம் என்று நினைத்துவிடுகிறோம். கெடாவில் செப்டம்பர் முதல் நவம்பர்வரைதான் மழை வலுக்கும். செப்டம்பரில் வருகிற ஒரு வார லீவு அதற்குள்தான் விழுகிறது.

இனி எல்லைச் சங்கதி. உயிரை வாங்காது, பணத்தை வாங்கும். சொந்தக் காடியில் போகிறவர்கள் மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியை, அதாவது விஇபியை, முன்கூட்டியே வாங்கிப் பொருத்தியிருக்க வேண்டும். 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். சிங்கப்பூரைவிட்டு வெளியேறும்போது பெட்ரோல் டாங்கி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். 1991இலிருந்து இருக்கிற சட்டம், இன்னும் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பக்கம் போனபின் மஞ்சள் குழாய் ரான் 95 நமக்கு இல்லை, மலிவாக இருக்கிறதே என்று கை வைக்காதீர்கள். சுங்கத்துக்கு டச் அன் கோ அட்டையில் பணம் இருக்கட்டும். சுமார் 700 கிலோமீட்டர் ஓட வேண்டியிருக்கிறது.

சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த வண்டியா? மலேசியாவுக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா, காப்புறுதி அங்கே செல்லுமா என்று எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் வாயால் "பரவாயில்லைண்ணே, போய்ட்டு வாங்க" என்பது விபத்து நடந்த நாளில் ஒன்றுக்கும் ஆகாது.

ஜொகூர் பாருவில் கேரவன் எடுப்பவர்களுக்குத்தான் பெரிய பொறி. குவீன் ஸ்ட்ரீட்டில் பேருந்து ஏறிப் போய் அங்கே வண்டியை எடுங்கள், சரி. லீவு முடிந்த களைப்பில், சாமானெல்லாம் இருக்கிறதே, வீட்டு வாசல்வரை ஓட்டி வந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவு வண்டியைச் சிங்கப்பூருக்குள் ஓட்டுவது குற்றம்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பிமார்கள் கூட வருகிறார்களா? சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லாத மலேசிய மின்னிலக்க வருகை அட்டை அவர்களுக்குத் தேவை. போகுமுன் மூன்று நாளுக்குள் நிரப்பிவிட வேண்டும். திரும்பும்போது மலேசியாவிலிருந்து ஒரு பீர் டின் கொண்டுவந்தாலும் தீர்வை உண்டு, சிகரெட்டுக்கும் சலுகை கிடையாது.

கோயில் மேட்டைச் சுற்றி நடக்கும்போது மண்ணில் பாசிமணியோ ஓட்டுச்சில்லோ தட்டுப்பட்டால் நினைவுக்காகப் பையில் போடாதீர்கள். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு தேசிய மரபுடைமைச் சட்டத்தில் அது வம்பு. 2013இல் வீடமைப்புக்காக 11ஆம் எண் சண்டியையே புல்டோசரால் தரைமட்டமாக்கிய பிறகு, மிச்சமிருக்கும் ஒவ்வொரு கல் விஷயத்திலும் அங்கே கோபம் ஆறவில்லை. அந்தக் கோபம் நியாயமானது என்பேன்.

கடைசியாக ஒன்று: ஆபத்து வந்தால், பதற்றத்தில் பலருக்கும் சிங்கப்பூரின் 995தான் விரலில் வரும். மலேசியாவில் ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் எல்லாவற்றுக்கும் 999. பிள்ளைகளின் கைப்பேசியிலும் போட்டுவையுங்கள்.