மூளை எண்ணும் அடிகள்

திருவனந்தபுரத்தின் ஜென்ரோபோட்டிக்ஸ் நிறுவனம் பெயர் வாங்கியது ஒரு பெருச்சாளியால். சாக்கடைக் குழிக்குள் மனிதருக்குப் பதில் தானே இறங்கி அள்ளும் ரோபோவை 2018-ல் களமிறக்கி, அதற்குப் பெருச்சாளியின் ஆங்கிலப் பெயரான 'பாண்டிகூட்' என்று பெயர் வைத்தார்கள். அதே நிறுவனம் பிறகு நடை பழக்கும் ரோபோவைச் செய்தது. பெயர் ஜி-கெய்ட்டர். 2024-ல் அது நகரின் அரசுப் பொது மருத்துவமனைக்கு வந்தது.

நடக்க எதற்கு ரோபோ? எழுந்து இரண்டு எட்டு வைத்துப் பாருங்கள். ஒரு கால் கிளம்பி மறுபடி தரை தொட ஏறத்தாழ அரை நொடிதான். அதற்குள் முழங்கால் மடங்கி நிமிர வேண்டும்; பாதம் உயர வேண்டும்; இடுப்பு சரியக் கூடாது. தரைக்கும் கால்விரலுக்கும் இடைவெளி ஒன்றிரண்டு சென்டிமீட்டர்தான். இத்தனையையும் போனில் பேசிக்கொண்டே செய்துவிடுகிறோம்.

பக்கவாதம் இதைக் கலைத்துப்போடுகிறது. மூளையின் பெரிய ரத்தக்குழாய் அடைத்தால், சிகிச்சை கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் அழிகின்றன. கட்டளை நரம்புகள் முகுளத்தில் பக்கம் மாறுவதால், வலது மூளை பாதித்தால் இடது கால் விழும். தசை கெடவில்லை, கட்டளைதான் வந்து சேரவில்லை.

செத்த செல் திரும்பாது. ஆனால் பிழைத்த செல்கள் புது இணைப்புகள் போட்டு, போனதன் வேலையில் ஒரு பங்கை ஏற்கும். இதுதான் 'நரம்பு நெகிழ்வு'. அதற்குத் தீனி, திரும்பத் திரும்பச் செய்வது. அமெரிக்க, கனடா மையங்களில் எண்ணியபோது, ஒரு நடைப்பயிற்சி அமர்வில் நோயாளி வைத்தது சராசரி 357 அடி. தெருமுனைக் கடைக்குப் போய்வந்தாலே தீர்ந்துவிடும் கணக்கு! அடிகளைக் கூட்டலாம் என்றால், கனத்த காலை ஒவ்வொரு அடிக்கும் குனிந்து தூக்கிவைக்கும் பிசியோதெரபிஸ்டின் முதுகு முதலில் களைத்துவிடும்.

அந்த முதுகுக்குத்தான் ரோபோ கைகொடுக்கிறது. இத்தகைய கருவிகளில் உடலைச் சுற்றிய பட்டை எடையில் ஒரு பகுதியை மேலிருந்து தாங்கும். விழுவோமோ என்ற பயம் போகும். காலைப் பற்றிய இயந்திரம் நடையின் லயத்தில் நகர்த்தும். தேறத்தேறத் தாங்கலைக் குறைக்கலாம்.

சும்மா தொங்கினால் மட்டும் போதாது. நோயாளி தானும் முயன்று வைக்கும் அடிதான் மூளையின் கணக்கில் நன்றாக ஏறும். ரோபோ பிசியோதெரபிஸ்டுக்கு மாற்றும் அல்ல. இருவரும் சேரும்போதுதான் துணையின்றி நடக்கும் வாய்ப்பு கூடுகிறது என்கின்றன ஆய்வுகள். பக்கவாதம் வந்த முதல் 3 மாதங்களில், நடக்கவே இயலாதவர்களுக்குப் பலன் அதிகம்.

ரோபோ கிடைக்காத ஊரிலும் இந்தக் கணக்கு மாறாது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதோடு பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். பிசியோதெரபிஸ்ட் சொன்ன எண்ணிக்கையை நாட்காட்டியில் குறித்து, பக்கத்தில் ஒருவர் நிற்க, தினமும் செய்யுங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.